நான் இழந்த சாம்ராஜ்யம்

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை இரவு, மணி பத்தே கால் இருக்கும், சோழ சாம்ராஜ்யம் என் கையை விட்டுப் போயிற்று.

தஞ்சாவூரிலும் அல்ல, கங்கைகொண்ட சோழபுரத்திலும் அல்ல. திருவொற்றியூரில், எங்கள் வீட்டுக் கூடத்தில், துணி உலர்த்தும் கொடிக்குக் கீழே போட்டிருக்கும் சின்ன மேஜையின் மேல்தான் அது நடந்தது. பக்கத்தில், மறுநாள் குழம்புக்காக உரித்து வைத்த சின்ன வெங்காயம் ஒரு கிண்ணம் நிறைய இருந்தது. சாம்ராஜ்யம் போனதும் என் கண்ணில் நீர் வந்தது. பழியை வெங்காயத்தின் மேல் போட்டுவிட்டு எழுந்து போய் அடுப்படியைத் துடைத்தேன்.

"இந்த அம்மாளுக்கு என்ன ஆயிற்று? போன வாரம் வரையில் நன்றாகத்தானே எழுதிக்கொண்டிருந்தாள்!" என்று நீங்கள் ஒருவருக்கொருவர் கேட்டுக்கொள்வது என் காதில் விழுகிறது. ஒன்றும் ஆகவில்லை. விஷயத்தை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

என் அக்காள் எண்ணூரில் இருக்கிறாள். அவள் மகன் கல்லூரியில் முதல் வருஷம் படிக்கிறான். விம்கோ நகர் வரையில் மெட்ரோ ரயில் 2021-இல் வந்துவிட்டது அல்லவா? எங்கள் வீட்டிலிருந்தால் ரயிலேறிக் கல்லூரிக்குப் போவது சௌகரியம் என்று பிள்ளையை என்னிடம் விட்டிருக்கிறாள். நல்ல பையன். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைப்பான். கடைக்குப் போய்வரச் சொன்னால் முகம் சுளிக்க மாட்டான். ஒரே ஒரு குறை. ராத்திரி பதினோரு மணிக்கு மேலும் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு ஏதோ ஆடிக்கொண்டிருப்பான்.

ஒரு நாள் பொறுத்தேன், இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள் பின்னால் போய் நின்று, "என்னடா இது? படிக்கிற பிள்ளை செய்கிற காரியமா?" என்று ஆரம்பித்தேன்.

அவன் திரும்பிப் பார்த்து, "சித்தி, நீங்க பத்திரிகைக்காரங்க. எதையும் பார்க்காம எழுத மாட்டீங்க. பார்க்காம திட்டலாமா? ஒரு மாசம் நீங்களே ஆடிப் பாருங்க. அப்புறம் திட்டுங்க, கேட்டுக்கறேன்" என்றான்.

பத்திரிகைக்காரி என்று சொல்லி மடக்கிவிட்டால் நான் என்ன செய்வேன்? தினம் இரவு ஒரு மணி நேரம், சமையலறை ஒழிந்த பிறகு, என்று ஒப்புக்கொண்டேன்.

* * *

ஆட்டத்தின் பெயர் 'க்ரூஸேடர் கிங்ஸ்'. சுவீடன் தேசத்தில், ஸ்டாக்ஹோம் நகரில் உள்ள பாரடாக்ஸ் என்ற கம்பெனி செய்தது. நான் ஆடியது அதன் மூன்றாம் பாகம், 2020-இல் வெளிவந்தது. கம்ப்யூட்டர் ஆட்டம் என்றால் துப்பாக்கியும் மோட்டார் காரும் பறக்கும் என்று நினைத்திருந்தேன். இதில் அந்த ஆரவாரம் எதுவும் இல்லை. திரை முழுவதும் ஒரு தேசப்படம். ஐரோப்பா, நம் இந்தியா என்று அந்தக் காலத்து ராஜ்யங்கள் வண்ண வண்ணமாகப் பரந்து கிடக்கின்றன. 1066-ஆம் ஆண்டில் ஆரம்பித்தால் 1453 வரையில் ஆடிக்கொண்டே போகலாம். நாட்கள் ஒவ்வொன்றாக நகரும். வேண்டுமானால் நிறுத்தி யோசிக்கலாம்.

இந்த ஆட்டத்தில் நீங்கள் ஒரு ராஜா அல்ல, ஒரு குடும்பம். ராஜா வயதாகி இறந்துபோவார். அந்த நிமிஷமே அவருடைய வாரிசு நீங்கள்! அவர் வாங்கிய கடன், தேடிக்கொண்ட பகை, முடித்து வைத்த சம்பந்தம் எல்லாம் உங்கள் தலையில். சொல்லப்போனால் நம் பத்திரிகைத் தொடர்கதைதான். தாத்தா செய்த காரியத்துக்குப் பேரன் பதில் சொல்வான்.

ஒரு ராஜாவுக்கு ஐந்து மந்திரிகள். தூது, படை, கஜானா, உளவு, மத காரியம் என்று ஆளுக்கொன்று. ஆறாவதாக மனைவிக்கும் சபையில் ஓர் இடம் உண்டு. மனைவி கெட்டிக்காரியாக இருந்தால் ராஜ்யத்தின் பலம் ஏறுகிறது. இதை என் கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இது ஆடித் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமா?" என்று சொல்லிவிட்டுப் பேப்பரில் முகத்தை மறைத்துக்கொண்டார்.

ஒவ்வொரு மனிதனுக்கும் ஒரு சுபாவம் இருக்கிறது. இளகிய மனமுள்ள ராஜாவைக்கொண்டு கைதியைத் தூக்கிலிடச் சொன்னால் அவனுக்கு மன உளைச்சல் ஏறும். அது எல்லை மீறினால் குடியில் விழுவான், அல்லது யார்மேலாவது எரிந்து விழுவான். சுபாவத்துக்கு விரோதமாக நடக்கிறவன் உள்ளுக்குள் தேய்கிறான் என்பதை ஸ்டாக்ஹோமில் இருக்கிறவர்களும் கண்டுபிடித்திருக்கிறார்கள், பாருங்கள்!

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. இது சின்னக் குழந்தைகளுக்கான ஆட்டம் அல்ல. விஷம் வைப்பது, கள்ளத்தொடர்பு, கொலைச் சதி எல்லாம் இதில் வருகின்றன. வளர்ந்த பிள்ளைகளுக்குத்தான் சரி.

* * *

முதல் வாரம் நான் பிரமாதமாக ஆடினேன். அவ்வளவு பிரமாதம் எப்படி வந்தது என்பதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஆட்டத்தை எந்த இடத்திலும் நிறுத்திச் சேமித்து வைக்கலாம். பிறகு ஏதாவது தப்பாகப் போனால், சேமித்து வைத்த பழைய இடத்துக்கே போய் ஆரம்பித்து, நடந்ததை நடக்காததாக ஆக்கிவிடலாம். படை தோற்றதா? பழைய இடத்துக்குப் போ. பட்டத்து இளவரசனுக்குக் காய்ச்சலா? பழைய இடத்துக்குப் போ. பெண் கொடுத்த இடம் சரியில்லையா? கல்யாணத்துக்கு முந்தின நாளுக்குப் போ! அம்மம்மா, நிஜ வாழ்க்கையில் இந்த ஒரு வசதி மட்டும் இருந்திருந்தால் எத்தனை வீடுகளில் எத்தனை பேர் உபயோகித்திருப்பார்கள்!

ஏழாம் நாள் பையன் வந்து எட்டிப் பார்த்தான். என் ராஜ்யம் செழித்திருந்தது. அவன் ஒரு கேள்வி கேட்டான்.

"சித்தி, இந்த ராஜா செத்துப்போனா என்ன ஆகும்?"

எனக்குத் தெரியவில்லை. ஏனென்றால் நான் அவரைச் சாகவே விடவில்லை. அவருக்கு நோய் வரும்போதெல்லாம் பழைய இடத்துக்குப் போய்விட்டேன். ஏழு நாள் ஆடியும் மூன்று வருஷத்தைத் தாண்டவில்லை. அதே மூன்று வருஷத்தைத் துவைத்துத் துவைத்துக் காயப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"நீங்க ஆட்டம் ஆடலை சித்தி. அழி ரப்பர் வெச்சுக்கிட்டுக் கட்டுரை எழுதறீங்க" என்றான்.

இந்த ஆட்டத்திலேயே இன்னொரு முறை இருக்கிறதாம். அதற்கு 'அயர்ன்மேன்', அதாவது இரும்பு மனிதன், என்று பெயர். அதில் நாம் சேமிக்க முடியாது. கம்ப்யூட்டரே அவ்வப்போது சேமித்துக்கொள்ளும். பிரதி ஒன்றே ஒன்றுதான். நடந்தது நடந்ததுதான். பின்னால் போக வழியில்லை.

யோசித்துப் பார்த்தால் இதில் அதிசயம் என்ன? எங்கள் வடசென்னைத் தெருக்களில் கேரம் பலகையைச் சுற்றி நிற்கிற பிள்ளைகளைப் பாருங்கள். அடித்த காய் அடித்ததுதான். 'இல்லை, மறுபடி அடிக்கிறேன்' என்றால் எதிரில் இருக்கிறவன் விடுவானா? அப்படி ஆடி ஆடித்தான் வண்ணாரப்பேட்டைப் பக்கத்துப் பெண்ணான காசிமா, 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கப் பதக்கம் வாங்கி வந்தாள். நான் மட்டும் அழி ரப்பரை விடமாட்டேன் என்பது என்ன நியாயம்? "சரி, இரும்பு மனிதனாகவே ஆடுகிறேன்" என்று சொல்லிவிட்டேன்.

* * *

"முதல்ல அயர்லாந்துல கத்துக்குங்க சித்தி. எல்லாரும் அங்கேதான் ஆரம்பிப்பாங்க" என்றான் பையன். அயர்லாந்தை ஆண்டு எனக்கு என்ன ஆகப் போகிறது என்று தோன்றிற்று. ஆனால் காரணம் சரியாகத்தான் இருந்தது. புதிதாகச் சமைக்க வருகிற பெண்ணிடம் கல்யாண சமையலை யாராவது ஒப்படைப்பார்களா? அரைப் படி அரிசியில்தானே ஆரம்பிப்போம்? அப்படி, 1066-ஆம் ஆண்டு அயர்லாந்தில் மன்ஸ்டர் என்ற குட்டி ராஜ்யத்தைக் கொடுத்து ஆட்டமே பாடம் நடத்துகிறது.

அந்த ராஜ்யத்தை நான் மூன்றே நாளில் குட்டிச்சுவர் ஆக்கினேன். ஆனால், முந்தின ஏழு நாளில் கற்காத மூன்று விஷயங்களைக் கற்றுக்கொண்டேன்.

ஒன்று: படையைத் திரட்டி நிறுத்திவிட்டால் பணம் கரையும். சண்டை நடந்தாலும் கரையும், சும்மா நின்றாலும் கரையும். விருந்தாளி வந்த வீட்டில் எரிவாயு தீர்வது போல. கஜானாவைப் பார்க்காமல் வீராப்புப் பேசக்கூடாது.

இரண்டு: புது ராஜாவை யாரும் மதிக்க மாட்டார்கள். அப்பாவுக்குக் கைகட்டி நின்ற சிற்றரசர்கள் எல்லாரும் மகன் பட்டத்துக்கு வந்ததும் முறைப்பார்கள். வருஷம் ஆக ஆகத்தான் மதிப்பு ஏறும். ஆகவே, அப்பா உயிரோடு இருக்கும்போதே மகனுக்காகக் கொஞ்சம் பணமும் நாலு பேருடைய நட்பும் சேர்த்து வைக்க வேண்டும்.

மூன்று: பாகப் பிரிவினை! ராஜா செத்தால் ராஜ்யம் மூத்தவனுக்கு முழுசாகப் போவதில்லை. பிள்ளைகளுக்குள் பிரிகிறது. எனக்கு நாலு பிள்ளைகள். 'ஆஹா, நாலு சிங்கங்கள்!' என்று பூரித்தேன். ராஜா கண்ணை மூடினார். நாலு சிங்கமும் நாலு துண்டை எடுத்துக்கொண்டு போயின. மூத்தவன் கையில், அதாவது என் கையில், மிஞ்சியது ஒரு கோட்டையும் கொஞ்சம் சேறும்.

இந்த மூன்றும் ஏதாவது புஸ்தகத்தில் எழுதியிருக்கும். படித்திருந்தால் மறந்திருப்பேன். பட்டதால் மறக்கவில்லை.

* * *

பிறகு சோழநாட்டுக்கு வந்தேன். 1066-இல் அங்கே வீரராஜேந்திரன் ஆட்சி. சரித்திரத்திலும் அப்படித்தான், 1063 முதல் 1070 வரையில் ஆண்டவர். ராஜேந்திர சோழனுடைய பிள்ளைகளில் கடைசியாகப் பட்டத்துக்கு வந்தவர்.

இந்தத் தடவை நான் பழைய ஆள் இல்லை. கஜானாவைப் பார்த்தேன், சிற்றரசர்களுக்குப் பரிசு அனுப்பினேன். வீரராஜேந்திரர் காலமானார், மகன் வந்தான். தடுமாறினாலும் விழவில்லை. அந்த மகனுக்கு ஒரு பையன், ஒரு பெண். அளவான குடும்பம், பாகப் பிரிவினைத் தொல்லை இல்லை என்று மகிழ்ந்தேன். பெண்ணை வடக்கே ஒரு பெரிய ராஜ வம்சத்தில் கொடுத்தேன். இந்த ஆட்டத்தில் சம்பந்தம் செய்தால் படைத் துணையும் கூட வரும். அவர்கள் படை எனக்கு, என் படை அவர்களுக்கு. நல்ல இடம், நல்ல பலம். வேறென்ன வேண்டும்?

கல்யாணத்தைப் பேசி முடிக்கும்போது ஓரத்தில் ஒரு சின்னக் கட்டம் இருந்தது. அதைத் தொட்டால், பிறக்கிற குழந்தைகள் தாய் வீட்டு வம்சம் என்று ஆகும். தொடாவிட்டால் தகப்பன் வீட்டு வம்சம். நான் அதைத் தொடவில்லை. நம் வழக்கம் அதுதானே என்று விட்டுவிட்டேன்.

பன்னிரண்டு வருஷம் கழித்து, இளவரசன் ஒரு போரில் இறந்தான். கல்யாணம் ஆகிக் குழந்தை இல்லை.

அப்போதுதான் வாரிசுப் பட்டியலைப் பார்த்தேன். ராஜாவுக்குப் பிறகு மகள். அது சரி, மகளும் சோழ வம்சம்தான், அவளாக நான் ஆடலாம். மகளுக்குப் பிறகு அவள் மகன். அவன் வேறு வம்சம். பட்டம் வேறு வம்சத்துக்குப் போய் நம் வம்சத்தில் வாரிசு இல்லை என்றால் ஆட்டம் முடிந்தது. இதுதான் சட்டம்.

ஒரு சின்னக் கட்டம்! பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நொடி விரலை வைத்திருந்தால் போதும். பழைய இடத்துக்குப் போகக் கை பரபரத்தது. போக இடம் ஏது?

ராஜா போனார். மகள் ராணியானாள். அதாவது, நான் ராணியானேன். தேர்ந்த ஆட்டக்காரர்களுக்குத் தப்பிக்க ஏதாவது வழி தெரிந்திருக்கலாம். எனக்குத் தெரியவில்லை. என்னோடு ஆட்டம் முடியும் என்று மட்டும் தெரிந்தது. ஆனாலும் ஆடினேன். முறைத்த சிற்றரசர்களை ஒவ்வொருவராகச் சமாதானப்படுத்தினேன். பாதியில் நின்ற கோட்டையைக் கட்டி முடித்தேன். வயல் திருத்தும் வேலைக்குப் பணம் ஒதுக்கினேன். அந்த ராணி பத்தொன்பது வருஷம் இருந்தாள். நிம்மதியாக நான் ஆடிய பத்தொன்பது வருஷம் அதுதான்.

ஒரு நாள் இரவு பையன் என் பின்னால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.

"இந்த ராணிக்கு அப்புறம் ஆட்டம் முடிஞ்சிடும். தெரியுமில்ல சித்தி?"

"தெரியுமே."

"அப்புறம் ஏன் விடாம ஆடறீங்க? எப்படியும் தோத்தாச்சே?"

"தோற்றால் என்ன? ராணி உயிரோடுதானே இருக்கிறாள்? வேலை பாதியில் கிடக்கிறது பார்" என்றேன். தத்துவம் ஒன்றும் நினைத்துச் சொல்லவில்லை. கண் திரையில் இருந்தது.

கொஞ்ச நேரம் அவன் பேசவில்லை. பிறகு, "சித்தி, போன செமஸ்டர் ரிசல்ட் வந்தாச்சு" என்றான்.

"எப்போது?"

"மூணு மாசம் ஆச்சு. ரெண்டு பேப்பர் போச்சு. அம்மாகிட்ட இன்னும் வரலைன்னு சொல்லி வெச்சிருக்கேன்."

வாசகிகளே, உங்களிடம் மறைப்பானேன்? என் வாய் திறந்துவிட்டது. மூன்று மாதமாக எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டு, தினம் முகத்தைப் பார்த்துக்கொண்டு, ஒரு பிள்ளை பொய் சொல்லியிருக்கிறான். அக்காளுக்கு நான் என்ன பதில் சொல்வேன்? 'அதனால்தான் ராத்திரியெல்லாம் இந்தப் பாழும் ஆட்டமா?' என்ற வார்த்தை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

அந்த ஆட்டத்தில் ஒரு நீளமான கட்டை இருக்கிறது. எழுத்து அடிக்கும்போது சொல்லுக்குச் சொல் இடம் விடுகிற கட்டை. அதை அழுத்தினால் காலம் நின்றுவிடும். ஒரு மாதப் பழக்கத்தில் என் கட்டை விரல் தானாகவே அதை அழுத்தியது. திரையில் நாட்கள் நின்றன. நானும் நின்றேன்.

அந்த அரை நிமிஷத்தில் என் ஆபீஸ் மேஜை என் கண்முன் வந்தது. தேர்வு முடிவு வெளியாகிற நாட்களில் சில செய்திகள் எங்களுக்கு வரும். நாங்கள் அவற்றைப் பெரிதாகப் போடுவதில்லை. ஆனால் படிக்காமல் இருக்க முடியாது. ஒவ்வொன்றிலும் ஒரு பிள்ளையின் வயது இருக்கும். அந்தப் பிள்ளைகளிடம் யாராவது ஒருவர், ஒரே ஒருவர், 'சரி, போகட்டும். அடுத்து என்ன?' என்று கேட்டிருந்தால் என்று ஒவ்வொரு தடவையும் நினைத்துக்கொள்வேன். அந்த ஒருவராக இருக்கிற முறை இப்போது எனக்கு வந்திருக்கிறது. நானோ கத்துவதற்கு வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறேன்!

"எந்த ரெண்டு பேப்பர்?" என்று கேட்டேன்.

"கணக்கும் பிஸிக்ஸும்."

"மறுபடி எழுதக் கடைசி நாள் எப்போது?"

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். இந்தக் கேள்வியை அவன் எதிர்பார்க்கவில்லை என்று முகமே சொல்லிற்று. இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

* * *

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. விடியற்காலையில் நான், என் கணவர், பையன் மூவரும் கடலோரம் நடந்தோம். எங்கள் ஊர்க் கடற்கரையை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். மெரினாவைப்போல் மணல் பரந்திருக்காது. கருங்கல் பாறைகளைக் கொட்டி வைத்திருப்பார்கள். அலை வந்து அந்தக் கல்லில் மோதும்.

என் கணவருக்குத் துறைமுகத்தில் உத்தியோகம். பையனிடம் எதையும் நேராகச் சொல்லத் தெரியாதவர். கல்லைக் காட்டிக் கதை சொல்ல ஆரம்பித்தார்.

1875-இல் சென்னைத் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். கடலுக்குள் இரண்டு கரங்களைப்போல் கல் சுவர் நீண்டது. வேலை முடியப் போகிற சமயத்தில், 1881-இல், ஒரு புயல் அடித்து அந்தச் சுவர்களைக் குலைத்துப் போட்டது. மறுபடி கட்டினார்கள். கட்டி முடித்த பிறகு பார்த்தால் வாசல் கிழக்கு நோக்கி இருந்தது. மணல் வந்து அடைத்தது, அலையும் நேராக உள்ளே புகுந்தது. 1904-இல் பொறுப்புக்கு வந்த பிரான்சிஸ் ஸ்பிரிங் என்ற என்ஜினீயர் கிழக்கு வாசலை அடைத்துவிட்டு வடகிழக்கில் வேறு வாசல் திறந்தார். துறைமுகம் நிலைத்தது.

"அதோடு கதை முடியவில்லை" என்றார். நம் கரையோரம் மணல் வருஷம் பூராவும் நகர்ந்துகொண்டிருக்கிறது. பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே. துறைமுகச் சுவர் அதை மறித்தது. தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து மெரினா அகலமாயிற்று. வடக்கே ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்ப் பக்கம் வர வேண்டிய மணல் வராமல் கரை அரித்துக்கொண்டே போயிற்று. எத்தனையோ தெருக்களும் குடிசைகளும் கடலுக்குள் போயின. நகரத்துக்கு மெரினா கிடைத்தது. எங்களுக்குக் கருங்கல் கிடைத்தது.

"துறைமுகத்தை எடுத்துவிட்டு 1875-க்குப் போக முடியுமா? முடியாது. கல் போட வேண்டியதுதான். போட்ட கல் சரிந்தால் மறுபடி போட வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டு, டீக்கடைப் பக்கம் நடந்தார். பையனுக்குப் புரிந்ததோ இல்லையோ, எனக்குப் புரிந்தது. பேப்பரில் முகத்தை மறைத்துக்கொண்டு அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

வரும் வழியில் தியாகராஜர் கோயிலுக்குள் போனோம். ஆதிபுரீசுவரர் கருவறையைச் சுற்றி வந்தேன். யானையின் பின்புறம்போல் வளைந்த அமைப்பு. ராஜேந்திர சோழன் காலத்தில் கல்லால் எடுத்துக் கட்டியது. எத்தனை வருஷமாகச் சுற்றுகிறேன்! அன்றுதான் அந்தக் கல்லை நின்று பார்த்தேன். முந்தின இரவு வரையில் அவருடைய குடும்பத்தைத்தானே நான் கட்டி ஆண்டுகொண்டிருந்தேன்?

அவர் குடும்பத்தில் நிஜமாகவே என்ன நடந்தது தெரியுமா? வீரராஜேந்திரருக்குப் பிறகு மகன் அதிராஜேந்திரன் வந்தான். அதே 1070-இல், சில மாதங்களுக்குள் இறந்துபோனான். நேர் வாரிசு இல்லை. அப்போது வேங்கி நாட்டிலிருந்து ஒருவர் வந்தார். தகப்பன் வழியில் சாளுக்கியர். தாய், ராஜேந்திர சோழனுடைய மகள் அம்மங்கை தேவி. மகள் வயிற்றுப் பேரன்! கம்ப்யூட்டர் ஆட்டத்தின் சட்டப்படி அந்த நிமிஷமே சோழர் ஆட்டம் தீர்ந்தது. ஆனால் சரித்திரம் அந்தக் கட்டத்தைப் பார்க்கவில்லை. அந்தப் பேரன் முதலாம் குலோத்துங்க சோழன் என்று முடி சூடிக்கொண்டு, 1122 வரையில் ஏறக்குறைய ஐம்பது வருஷம் ஆண்டார். சுங்க வரியை நீக்கி, 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று பெயர் வாங்கினார். ஜெயங்கொண்டாருடைய கலிங்கத்துப்பரணி அவர் காலத்து வெற்றியைப் பாடியதுதான். அவருக்குப் பிறகும் சோழ ராஜ்யம் 1279 வரையில் இருந்தது.

தோற்றாயிற்று என்று நான் நினைத்த அதே இடத்திலிருந்து, நிஜத்தில், இன்னும் இருநூறு வருஷம்!

இதைப் பையனிடம் சொன்னேன். அவன், "அப்போ ஆட்டத்தோட சட்டம் தப்பு சித்தி" என்றான். பிறகு, "அம்மாகிட்ட நானே சொல்றேன். நீங்க கூட இருங்க" என்றான்.

* * *

அன்று சாயங்காலமே எண்ணூருக்குப் போனோம். சுகமான காட்சி என்று சொல்லமாட்டேன். அக்காள் அழுதாள். 'உன்னிடம் நம்பி விட்டேனே' என்று என்னையும் ஒரு பிடி பிடித்தாள். நான் பதில் பேசவில்லை. மனசுக்குள் அந்த நீளக் கட்டையை அழுத்திக்கொண்டிருந்தேன். அழுது ஓய்ந்த பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பரீட்சைக்குப் பணம் எவ்வளவுடா கட்டணும்?" என்று கேட்டாள். ராஜ்யம் பிழைத்தது.

ஆட்டமும் பரீட்சையும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. ஆட்டம் ஆடினால் மார்க் வரும் என்றும் சொல்ல வரவில்லை; வராது. அவன் ராத்திரி ஆட்டத்துக்கு நேரக் கணக்கு வைத்தாயிற்று. ஒன்று மட்டும் கண்டுகொண்டேன். அழி ரப்பர் கையில் இருக்கும் வரையில் நான் என் தப்பைப் பார்க்கவே இல்லை, அழித்துக்கொண்டேதான் இருந்தேன். ரப்பரைப் பிடுங்கிய பிறகுதான் தப்பு என்னோடு உட்கார்ந்தது, பேசியது, சொல்லிக் கொடுத்தது. பையனுக்கும் அப்படித்தான். 'ரிசல்ட் வரவில்லை' என்பது அவனுடைய அழி ரப்பர்.

பின்னால் போக முடியாது என்பது இரும்புச் சட்டம். ஆனால் அந்த இரும்பு மனிதன் முறையில்கூட, ஆட்டத்தை நிறுத்தி யோசிப்பதை யாரும் தடுப்பதில்லை. இது எனக்கு முதலில் தோன்றவில்லை. கத்துவதற்கு முன்னால் அரை நிமிஷம். அந்த வசதி எல்லா வீட்டிலும் இருக்கிறது. காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

பிறகு வந்த செவ்வாய்க்கிழமை இரவு ராணி காலமானாள். ஆட்டம் முடிந்தது என்று திரை சொல்லிற்று. வெங்காயக் கதையைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேனே!

இப்போது மறுபடி மன்ஸ்டரில் ஆரம்பித்திருக்கிறேன். பெண்ணுக்கு வரன் பார்க்கும்போது ஓரத்தில் இருக்கும் அந்தச் சின்னக் கட்டத்தை இரண்டு தடவை பார்க்கிறேன். பையன் இரண்டு பேப்பரையும் எழுதிவிட்டான். கணக்கு நன்றாக எழுதியிருக்கிறானாம். பிஸிக்ஸைப் பற்றிக் கேட்டால் கூரையைப் பார்க்கிறான்.

முடிவு அடுத்த மாதம் வருகிறது. எதுவாக இருந்தாலும் அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் என்று எங்களுக்குள் ஒப்பந்தம். அன்றைக்கு எதுவானாலும் பாயசம் வைப்பதாக நானும் சொல்லியிருக்கிறேன்.